நூற்று மூன்றில் நிற்கும் வண்டி

"அந்த டாக்டரம்மா வண்டியில யாராவது செத்தா, கொன்னது நான்தான்னு நாலு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் மேடம்."

இதைச் சொன்ன மெக்கானிக், ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்பானரை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, இரட்டை நாடி உடம்பு. அப்படிப்பட்டவரே பயந்திருந்தார்.

எதிரே அடுக்கியிருந்த டயர்களின் மேல் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் போவதை அவர் நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பதில்களைவிடக் கேள்விகள்தான் தனக்குப் பிடிக்கிறது என்று கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர். நான் அவருடைய உதவியாளன். முன்பு டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பேச்சிலும் புகுந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறேன் என்று எனக்குப் பஞ்சர் என்று பெயர் வைத்தது அவர்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குக் கார்ல ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். அவ்வளவுதான்," என்றார் வக்கீலம்மா.

மெக்கானிக் பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம், கறுப்பு பிளாஸ்டிக், ஒரு முனையில் வயர் மாட்டுகிற இடம்.

"இதுதான் கேம் சென்சார். இன்ஜினுக்கு மேல ஒரு தண்டு சுத்துது, அது எந்த நேரத்துல எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு இதுதான் சொல்லணும். இது வாயை மூடிக்கிட்டா எப்ப பெட்ரோல் விடணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சில வண்டி சமாளிச்சு ஓடும். டாக்டரம்மா வண்டி சமாளிக்காது. பட்டுனு அணைஞ்சிடும். ஸ்டியரிங் கல்லாயிடும். பிரேக்கை ரெண்டு தடவை மிதிச்சா மூணாவது தடவை மிதிக்க முடியாது."

"எங்க அணையுது?"

"நாலு தடவையும் மலைப்பாதையில. ஏத்தம் முடிஞ்சு இறக்கம் ஆரம்பிக்கிற உச்சி வளைவு. வலது பக்கம் பாறை. இடது பக்கம் ஒண்ணும் கிடையாது."

மெக்கானிக்கின் ஒர்க் ஷாப் மலையடிவாரத்தில்தான் இருந்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பாதை வளைந்து மேலே போவது தெரிந்தது.

எலும்பு டாக்டர் அந்த அம்மா. ஊருக்குள், ஒர்க் ஷாப்பிலிருந்து மூன்று கிலோமீட்டரில் கிளினிக். மூன்று மாசத்தில் நான்கு தடவை அந்தச் சாம்பல் நிறக் காரைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். நான்கு தடவையும் ஒரே எரர் கோடு, கேம் சென்சார் என்று. நான்கு தடவையும் புது சென்சார் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா ஒரு கடிதம் டைப் அடித்துக் கொண்டுவந்து இவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அதே கோளாறு திரும்ப வந்தது, இனி விபத்து ஏதாவது நடந்தால் பழுது பார்த்தவரே பொறுப்பு என்று. நேற்று மாலைதான் நான்காவது கடிதத்தோடு வண்டி திரும்பிப் போயிருக்கிறது.

"நாலு தடவையும் தப்பிச்சிட்டாங்களா? நான் டாக்ஸி ஓட்டின காலத்துல இப்படி ஒரு அதிர்ஷ்டம் எனக்கு இருந்திருந்தா லைசென்சாவது மிஞ்சியிருக்கும்," என்றேன்.

வக்கீலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டாமல் பார்த்தால் நான் வாய் தவறி உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

"கழட்டின பழைய சென்சார் எல்லாம் எங்க?"

மெக்கானிக்குக் கழற்றிய எதையும் தூக்கிப் போடாத பழக்கம். டப்பாவிலிருந்து நான்கையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துணி டேப். மீட்டரில் மாட்டி ஒவ்வொன்றின் மூக்குக்கு முன்னாலும் ஸ்பானரை ஆட்டினார். முள் துள்ளியது. இரண்டாவதுக்கும் துள்ளியது. நான்கு சென்சாரும் நல்ல உயிரோடு இருந்தன.

மெக்கானிக் முகம் சுருங்கிவிட்டது. "சென்சார்னு கோடு வந்தா சென்சாரை மாத்துவோம். அதுதான் வழக்கம். வயரையும் செக் பண்ணினேன் மேடம். கரண்ட் ஓட்டம் சரியா இருந்துச்சு."

"எப்ப செக் பண்ணினீங்க?"

"வண்டி வந்ததும்."

"இழுத்துட்டு வந்த வண்டி. ஆறிப்போய் வந்திருக்கும்."

மெக்கானிக் செல்போனை எடுத்தார். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் திரையில் என்ன வந்தாலும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது அவருடைய இன்னொரு பழக்கம். கோளாறு வருகிற நொடியில் வண்டி என்ன நிலைமையில் இருந்தது என்பதைக் கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ளுமாம். நான்கு படங்களையும் வரிசையாக நகர்த்திக் காட்டினார். வேகம் முப்பத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பது, முப்பத்தைந்து. இன்ஜின் சூடு நூற்று மூன்று. நூற்று மூன்று. நூற்று மூன்று. நூற்று மூன்று.

"நூத்தி மூணா? நல்ல காய்ச்சல்தான். அதான் டாக்டர்கிட்ட இருக்கு," என்றேன்.

"வேகம் நாலு விதம், சூடு மட்டும் ஒரே விதம்," என்று வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார். "பழுதுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது பஞ்சர். மனுஷங்களுக்குத்தான் உண்டு. இது என்ன, கடைசி வரி? ஒன்பது?"

"எரர் கோடை அழிச்ச பிறகு வண்டி ஓடின தூரம்..." என்று ஆரம்பித்த மெக்கானிக் பாதியில் நின்றுவிட்டார். படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், மூணாவது ரிப்பேருக்கு அப்புறம் நான் கோடை அழிச்சு இருபத்திரண்டு நாள் ஆச்சு. நானூறு கிலோமீட்டராவது ஓடியிருக்கணும். இதுல ஒன்பதுன்னு இருக்கு."

"அப்போ நடுவுல வேற யாரோ அழிச்சிருக்காங்க. உங்க ஸ்கேனர் இல்லாம முடியுமா?"

"தீப்பெட்டி அளவுல ஒண்ணு விக்கிறாங்க. ஸ்டியரிங் அடியில சொருகிட்டா போன்லயே அழிச்சிடலாம். இன்ஜின் லைட்டும் அணைஞ்சிடும்."

"உச்சி வளைவுல அணைஞ்ச வண்டி. அதுக்கு முன்னால ஒன்பது கிலோமீட்டர் ஓடியிருக்கு."

"இங்கேர்ந்து உச்சிக்கு ஆறு. கிளினிக்லேர்ந்து இங்க மூணு." விரல்விட்டுக் கூட்டினார் மெக்கானிக்.

கிளினிக்கின் கார் நிறுத்துமிடத்தில் யாரோ கோளாறின் அடையாளத்தை அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வண்டியை அனுப்பியிருக்கிறார்கள்.

"உங்ககிட்ட வந்தது நாலு தடவை. வராம அழிச்சது எத்தனை தடவையோ," என்றார் வக்கீலம்மா. "அந்த வண்டியை வேற யார் ஓட்டுறாங்க?"

"அவங்க வீட்டுக்காரர். அதே கிளினிக்ல எக்ஸ்ரே எடுக்கிறவர். சிடுமூஞ்சி. நேத்துகூட, உனக்கு ஓட்டத் தெரியலன்னு அந்த அம்மாவை இங்க வச்சே கத்தினாரு."

"முடிஞ்சது. புருஷன்தான்," என்றேன்.

"உனக்கு எந்தக் கேஸிலும் புருஷன்தான்."

"பத்துக்கு ஏழு சரியா வருதே!"

வக்கீலம்மா அடுத்த படத்தில் விரலை வைத்தார். நேற்று மெக்கானிக் சென்சார் வயரை முழு நீளத்துக்கும் படம் பிடித்திருந்தார். ஒரு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் நடுவில் மடித்துத் திருப்பி, வரிசையாக, சடை பின்னியதுபோல இருந்தது.

"இது நீங்க சுத்தினதா?"

"இல்ல. நாங்க சும்மா இழுத்து உருட்டிச் சுத்துவோம். இது வண்டியோடவே வந்ததுன்னு நினைச்சேன். அசிங்கமா இருந்திருந்தா பிரிச்சுப் பார்த்திருப்பேன். இவ்வளவு நேர்த்தியா இருக்கறதை யாரு மேடம் பிரிப்பாங்க?"

"அழகாத்தான் இருக்கு. பஞ்சர் போனுக்கு அனுப்புங்க." வக்கீலம்மா டயரிலிருந்து எழுந்தார். "பஞ்சர், உன் மணிக்கட்டு எப்படி இருக்கு?"

முந்தைய கேஸில் அவர் சொல்லித்தான் ஒரு காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் குதித்தேன். மணிக்கட்டு பிசகி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா? வலி உயிர் போகுது."

"நல்லது. வா, எலும்பு டாக்டர்கிட்ட காட்டலாம்."

*

கிளினிக் வாசலில் சாம்பல் நிறக் கார் வெயிலில் நின்றிருந்தது. மணி இரண்டு பத்து. கூடத்தில் கட்டுப் போட்ட கால்களும் தொங்கவிட்ட கைகளுமாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஊன்றுகோல்காரர், நாங்கள் கேட்காமலே, டாக்டரம்மாவின் கார் கதையை ஆரம்பித்துவிட்டார். எத்தனை தடவை நின்றது, எப்படித் தப்பித்தார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எதிரே இருந்த அம்மாள் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டார்.

"இவங்களுக்கெல்லாம் யார் சொன்னது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"டாக்டரம்மாவேதான். பாவம், பயந்து போயிருக்காங்க."

எங்கள் முறை வந்தது. நான் நோயாளி, வக்கீலம்மா என் அக்கா என்று ஏற்பாடு. அறைக்குள் காலை வைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை. அந்த வெயிலிலும் டாக்டர் தோளைச் சுற்றிக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். ஒல்லியான உடம்பு, மென்மையான குரல், மேஜையில் திறக்காத டிபன் பாக்ஸ். ஓரத்தில் ஒரு எலக்ட்ரிக் கெட்டில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இன்னொரு கையால் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார்.

"தானா அணையாதா டாக்டர்?" என்றேன்.

"பழசாயிடுச்சு."

"என் அக்கா மாதிரி. ஆரம்பிச்சா யாராவது பிடுங்கினாத்தான் நிக்கும்."

டாக்டர் சிரித்தார். மணிக்கட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டால் போதும் என்றார். அந்தக் கைகளில் அவசரமே இல்லை. பார்த்ததும் மனசு லேசாகிற டாக்டர். இப்படிப்பட்டவரை மலையிலிருந்து தள்ளப் பார்க்கிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வாசல்ல நிக்கிறது உங்க வண்டிதானே? வெளிய பேசிக்கிட்டாங்க," என்று வக்கீலம்மா தூண்டில் போட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க! நாலு தடவை சாவைப் பார்த்துட்டு வந்தேன். அந்த மெக்கானிக்குக் கைராசி சரியில்ல. இனிமே ஒண்ணுன்னா அவர்தான் பொறுப்புன்னு எழுதி வாங்கியிருக்கேன்."

கதவு தட்டாமலே திறந்தது. உள்ளே வந்தவர் தடித்த மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் பெரிய பழுப்பு நிற எக்ஸ்ரே கவர். சொல்லாமலே தெரிந்தது, வீட்டுக்காரர்.

"இந்த ரூம்ல மனுஷன் இருப்பானா? ஃபேனைப் போட்டா உருகிடுவியா?" என்றபடி கவரால் விசிறிக்கொண்டார். எங்களைப் பார்த்ததும், "வீட்டுலயும் இப்படித்தான், வண்டியிலயும் இப்படித்தான். ஏசி பட்டனைத் தொட்டா கையை வெட்டிடுவா," என்று புகார் சொன்னார். பிறகு டிபன் பாக்ஸைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் சாப்பிடலையா? மணி என்ன ஆகுது? சாவி எங்க?"

டாக்டர் சாவியைக் கொடுத்தார்.

"மலை தாண்டியா போறீங்க?" வக்கீலம்மா வெள்ளந்தியாகக் கேட்டார். "அந்த வண்டியிலயா? வேற வண்டி பிடிச்சுப் போகலாமே."

"நேத்துதான் சரிபண்ணி வந்திருக்கு. லைட்டு கிட்டு எதுவும் எரியல. எனக்கு ஓட்டத் தெரியும். நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி முன்னாடி நிக்கணும். மூணு மாசமா இந்தத் தேதிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்." கவரை இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். மனைவியைப் பார்த்தபோது அந்தச் சிடுமூஞ்சி ஒரு கணம் தளர்ந்தது. "உண்மையைச் சொல்லிட்டா உனக்கும் தூக்கம் வரும். சொன்னா நம்பு."

கதவு சாத்திக்கொண்டது. மணி இரண்டு நாற்பது. வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொறி வைத்தவனே அதில் ஏறிப் போகிறான், அப்படியென்றால் இன்றைக்கு ஆபத்து இல்லை. வக்கீலம்மாவும் அப்படித்தான் நினைத்தாராம். பிறகு என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு பழைய ஆபரேஷன் கேஸ். சாட்சி சொல்லப் போறார்." டாக்டர் இழுப்பறையிலிருந்து கட்டுத்துணிச் சுருளை எடுத்துவிட்டு முழங்காலால் இழுப்பறையைத் தள்ளி மூடினார். "கையை நீட்டுங்க." கெட்டிலின் பிளக்கை மறுபடி சொருகினார். "டீ குடிக்கிறீங்களா? அவசரமா போகணுமா?"

"அவசரம் இல்ல," என்றார் வக்கீலம்மா.

டாக்டர் கட்டத் தொடங்கினார். உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்று. பிறகு மணிக்கட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் துணியை மடித்துத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி, அடுத்த சுற்று. என்ன ஒரு நேர்த்தி! எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறாவது சுற்றில் எண்ணுவதை நிறுத்தினேன்.

சடை பின்னியதுபோல இருந்தது.

நிமிர்ந்து வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முனக ஆரம்பித்திருந்தது.

"பஞ்சர், போனைக் கொடு."

கொடுத்தேன். வயர் படத்தைத் திறந்து, என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், டாக்டரின் கண்ணுக்கு நேராக மேஜை மேல் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கை, டாக்டர்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். கட்டை நடுவில் விடவில்லை. கடைசிச் சுற்றை முடித்து, முனையை மடித்துச் சொருகி, ஊக்குக் குத்தினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு ஐம்பது.

"கழட்டினது கெட்டில்லேர்ந்துதானே? கொதிச்சதும் கரண்டைத் துண்டிக்கிற பட்டன். சூடு ஏறினா பட்டுனு விட்டுடும், ஆறினா மறுபடி ஒட்டிக்கும். அதை வயர்ல சேர்த்து, மேல அழகா கட்டுப் போட்டுட்டீங்க. உச்சிக்குப் போகும்போது விடும், ஒர்க் ஷாப்புக்கு வரும்போது ஒட்டிக்கும். அந்த மனுஷன் ஆயுசுக்கும் தேடினாலும் கிடைக்காது."

"யார் நீங்க?"

"கேள்வி கேக்குறவ. உங்க வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்க."

டாக்டர் மேஜையில் கிடந்த ஒரு ஃபைலைத் தூக்கினார். அதன் அடியில் ஒரு செல்போன் இருந்தது. "போனை மறந்துட்டுப் போயிட்டார்," என்றார், அதே மென்மையான குரலில். ஃபைல் அதன் மேல் தானாக வந்து உட்கார்ந்திருக்காது.

வக்கீலம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "சாம்பல் கார் அந்தப் பக்கம் வருதா? நிறுத்துங்க. ரோட்டுக்கு நடுவுல போய் நில்லுங்க."

"தாண்டிப் போய் ரெண்டு நிமிஷம் ஆச்சு மேடம்! கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பறந்தாரு."

"பின்னாலேயே போங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க. உச்சிக்கு முன்னால நிறுத்தணும்."

மறுமுனையில் மெக்கானிக்கின் வண்டி இழுக்கிற லாரி உறுமுவது கேட்டது. நான் கதவுப் பக்கம் ஓடினேன். "நீ ஓடி என்ன பண்ணுவ? உக்காரு," என்றார் வக்கீலம்மா.

கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை.

"ஏன் டாக்டர்?"

"இருபத்தியோரு வருஷம். எத்தனை ஆயிரம் பேரை நடக்க வச்சிருக்கேன்னு வெளிய கேளுங்க." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஒரு நாள் ஒரு எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டிட்டேன். நல்ல காலை அறுத்துட்டேன். கூரை வேலை செய்யற ஆள். அந்தப் படத்துல எது இடது எது வலதுன்னு அடையாளம் வச்சவர் இவர்தான். அவர்கிட்ட மன்றாடினேன். காலைக்கூடப் பிடிச்சேன். அந்த ஆள் இனிமே ஏணி ஏற முடியாதேன்னு ஒரே பேச்சு. நான்? நான் இனிமே கத்தியைத் தொட முடியாதே!"

வக்கீலம்மா எழுந்து இழுப்பறையைத் திறந்தார். டாக்டர் தடுக்கவில்லை. கறுப்பு டேப் சுருள், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, அடியில் ஒரு கேஸ் ஷீட். நோயாளிகளின் கட்டில் காலில் தொங்குமே, காய்ச்சல் ஏறி இறங்குவதைக் கோடு போட்டுக் குறிக்கிற தாள், அது. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காரின் நம்பர். பதினோரு தேதிகள். பதினோரு புள்ளிகளும் நூற்று மூன்றில். பக்கத்தில் கிளம்பியதிலிருந்து அணைய ஆன நேரம், பதினேழு நிமிடம், பதினேழு, பதினெட்டு, பதினேழு. சொந்தக் கணவனின் சாவுக்கும் டாக்டரின் கை சார்ட் போட்டிருக்கிறது. என்ன செய்வது, பழக்கம்.

"பதினோரு ஒத்திகை," என்று வக்கீலம்மா எண்ணினார். "ஒவ்வொரு தடவையும் எங்க அணையும்னு உங்களுக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக்ல கையை வச்சுக்கிட்டே போயிருப்பீங்க. நாலு தடவை மெக்கானிக்கை மாட்டிவிட, மிச்சத்தை அழிச்சிட்டீங்க. லைட் எரிஞ்சா உங்க வீட்டுக்காரர் வண்டியைத் தொட மாட்டார். பயந்தவங்க நெருங்கின ஒருத்தர்கிட்ட சொல்லுவாங்க டாக்டர். நீங்க வெயிட்டிங் ரூமுக்கே சொல்லி வச்சிருக்கீங்க, நாளைக்குச் சாட்சி வேணும்னு."

"மணி ரெண்டு அம்பத்தாறு," என்றார் டாக்டர்.

நாங்கள் மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழு ஆனது. அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். கெட்டிலின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து வழிந்தது. டாக்டரின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாரா, வேண்டிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

மூன்று மணி ஆகி மூன்று நிமிஷத்துக்குப் போன் அடித்தது.

"மேடம்..." மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. "நின்னுடுச்சு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உச்சியிலயா?"

"இல்ல மேடம், ஏத்தத்துலயே! நாலாவது கல்லுகிட்ட. பின்னால உருண்டு பாறையில சாஞ்சு நிக்குது. பின் கண்ணாடி போச்சு, பம்பர் போச்சு. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. இன்ஜின் அனலா கொதிக்குது. இந்த வெயில்ல, இந்த ஏத்தத்துல, ஏசியை முழுசா வச்சுக்கிட்டு ஏறியிருக்காரு மனுஷன்!"

அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வக்கீலம்மா கேஸ் ஷீட்டை மேஜை மேல் மெதுவாக வைத்தார்.

"பதினோரு தடவையும் ஏசி போடாம ஓட்டியிருக்கீங்க," என்றார். "கணக்கு சரிதான் டாக்டர். உங்க உடம்புக்குப் போட்ட கணக்கு. கூட வாழ்ந்தவரோட உடம்பை மறந்துட்டீங்க."

போனில் ஏதோ இழுபறி கேட்டது. பிறகு அந்தத் தடித்த குரல்.

"அவ அங்க இருக்காளாம்ல? ஏய், கேக்குதா? எனக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதே. போனை வேற எங்கயோ வச்சுட்டு வந்துட்டேன்." குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. "நல்லவேளை நீ ஓட்டல. இதுல நீ இருந்திருந்தா... உனக்கு ஓட்டத் தெரியலன்னு நான்தான் கத்திக்கிட்டு இருந்தேன். என் மேலதான் தப்பு. இனிமே இந்த வண்டியைத் தொடவே கூடாது நீ. நான் வேற வண்டி பிடிச்சுப் போயிட்டு சாயங்காலம் வர்றேன், உக்காந்து பேசிக்கலாம். சாப்பிட்டியா?"

டாக்டரின் கம்பளி தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை. மேஜை மேல் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

"ஏய், உன்னைத்தான் கேக்குறேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றார் டாக்டர்.

வக்கீலம்மா கையை நீட்டிக் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் எப்போதோ வற்றிப்போய் அடி கருகும் நாற்றம் வந்துகொண்டிருந்தது. நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கட்டு கொஞ்சம்கூடத் தளரவில்லை.